மேசை மேலேயே மலை ஏறிய கடிகாரம்

2022 டிசம்பர் 9, வெள்ளிக்கிழமை இரவு. மாண்டஸ் புயல் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் கரையைக் கடந்துகொண்டிருந்தது. மறைமலைநகரில் மின்சாரம் போய் வெகுநேரம் ஆகிவிட்டது. ஜன்னல் கதவுகள் அடித்துக்கொள்ள, எமர்ஜென்சி விளக்கின் வெளிச்சத்தில் நானும் அண்ணனும் சாப்பாட்டு மேசையில் கிடந்த ஒரு கைக்கடிகாரத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். முந்தின நாள் காலையில் அதன் உயரமானி முள்ளை அண்ணன் பூஜ்ஜியத்துக்கு நேராக வைத்திருந்தார். இப்போது அது எண்பது மீட்டரைத் தாண்டி நின்றது. வீடு இருந்த இடத்தில்தான் இருந்தது. கடிகாரத்தின் கணக்குப்படி நாங்கள் ஒரு சின்னக் குன்றின் மேல் உட்கார்ந்திருந்தோம்.

அண்ணன் என்றால் உடன்பிறந்தவர் இல்லை. இரண்டு தெரு தள்ளி இருப்பவர். கார் தொழிற்சாலை ஒன்றின் டூல் ரூமில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மைக்ரோமீட்டர் பிடித்துப் பழகிய கைகள் என்பதால், சும்மா இருக்கப் பிடிக்காமல் பழைய கடிகாரங்கள் பக்கம் வந்துவிட்டார். பேர் வேண்டாம் என்றுவிட்டார். வீட்டில் இத்தனை வாட்ச் இருக்கிற செய்தி ஊருக்கு எதற்கு என்கிறார், நியாயம்தான்.

மேசையில் இருந்தது ஃபேவர் லூபா நிறுவனத்தின் 'பிவாக்'. 1962-இல் வந்தது. பிவாக் என்றால் மலையேறிகள் கூடாரமில்லாமல் பாறை இடுக்கில் இரவைக் கழிக்கும் தங்கல். மணியோடு உயரத்தையும் காற்றழுத்தத்தையும் காட்டிய முதல் இயந்திரக் கைக்கடிகாரம் இது என்பது அதன் பெருமை. உள்ளே காற்றை உறிஞ்சி மூடிய மெல்லிய உலோகக் குப்பி ஒன்று இருக்கிறது. வெளியே காற்றின் அழுத்தம் குறைந்தால் அது பூரி மாதிரி உப்பும், கூடினால் அமுங்கும். கண்ணுக்கே தெரியாத அந்த அசைவைக் குட்டி நெம்புகோல்களும் பல்சக்கரமும் பெரிதாக்கி முள்ளைத் திருப்பும். எட்டு மீட்டர் மேலே போனால் ஏறத்தாழ ஒரு மில்லிபார் குறையும் என்பது கணக்கு. ஆனால் முள்ளுக்கு மலையும் தெரியாது, புயலும் தெரியாது. அழுத்தம் குறைந்ததா, சரி, ஏறியாயிற்று என்று சொல்லிவிடும். மலையேறிகள் இதைத் திருப்பிப் போட்டுப் பயன்படுத்தினார்கள். இரவில் கூடாரத்துக்குள் படுத்திருக்கும்போது முள் ஏறினால், வெளியே வானிலை கெடுகிறது என்று பொருள்.

முகப்பில் அளவு 3000 மீட்டர் வரை. மணி ஓட்டுவதற்கான மிஷின் அவர்களுடைய சொந்தச் சரக்குகூட இல்லை, பெஸோ 320 என்ற வெளி மிஷின். சேகரிப்பாளர்கள் சிலர் இதை ஒரு குறையாகச் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மூளையையும் பணத்தையும் உயரமானியில் செலவழித்துவிட்டு, மணி காட்டும் வேலையை நம்பகமான கூலியாளிடம் கொடுத்திருக்கிறார்கள். 1964-இல் வால்டர் பொனாட்டியும் மிஷேல் வோஷேவும் ஆல்ப்ஸின் கிராண்ட் ஜொராஸ் வடமுகச் சுவரில் ஏறியபோது கையில் கட்டியிருந்தது பிவாக். 1975-இல் எவரெஸ்ட் உச்சியைத் தொட்ட முதல் பெண்ணான ஜப்பானின் ஜுன்கோ தபேயிடமும் பிவாக் இருந்ததை நிறுவனம் இன்றுவரை சொல்லிக்கொள்கிறது.

இதெல்லாம் எங்கோ ஐரோப்பியப் பனிமலைக் கதை என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். ஃபேவர் லூபா நம் வீட்டு பீரோவில் இருந்த பெயர். உங்கள் தாத்தாவின் கல்யாண போட்டோவைப் பாருங்கள். சட்டைக் கையைக் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டு, வேண்டுமென்றே தெரிகிறபடி ஒரு வாட்ச். அது பெரும்பாலும் எச்.எம்.டி.யாக இருக்கும், மாமனார் வசதியானவராக இருந்தால் ஃபேவர் லூபா. 'சீ சீஃப்', 'சீ கிங்' என்று கடலின் பெயரில் வந்தவை. கடலில் கால்கூட நனைக்காத ஆசிரியர்களும் தாசில்தார்களும் அதைத் தினமும் காலையில் சாவி கொடுத்துக் கட்டிக்கொண்டார்கள்.

அந்தப் பெயர் இந்தியாவுக்கு வந்தது நேற்றோ முந்தாநாளோ இல்லை. சுவிட்சர்லாந்தின் லெ லொக்ல ஊரில் அப்ரஹாம் ஃபேவர் என்பவர் கடிகாரம் செய்துகொண்டிருந்ததாக 1737-ஆம் ஆண்டு ஆவணம் ஒன்று காட்டுகிறது. அதுதான் நிறுவனத்தின் பிறந்த ஆண்டு. லூபா குடும்பம் பிறகு கூட்டாளியாகச் சேர்ந்தது. 1865-இல் அவர்கள் இந்திய வியாபாரத்தில் இறங்கினார்கள். சுவிஸ் கடிகாரக்காரர்களில் இந்தியாவை முதலில் கண்டுகொண்டவர்களில் ஒருவர் என்று சொல்லலாம். பம்பாயில் கடை போட்டு, பிறகு இந்தியாவெங்கும் பரவினார்கள். பல தலைமுறை கழித்து, அது வெளிநாட்டுப் பெயர் என்பதே மறந்துபோகும் அளவுக்கு ஆகிவிட்டது. எழுத்தைப் பிரெஞ்சில் எப்படி உச்சரிக்க வேண்டும் என்று இப்போது இளைஞர்கள் எனக்குப் பாடம் எடுக்கிறார்கள். எங்கள் அப்பா சொன்னதுபோல் 'ஃபேவர் லூபா' என்றுதான் நான் சொல்லப்போகிறேன்.

பிறகு என்ன ஆயிற்று? குவார்ட்ஸ். 1969 கிறிஸ்துமஸ் அன்று ஜப்பானின் சைகோ முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு வைத்தது. பேட்டரி போட்டால் போதும், சாவி வேண்டாம், எந்த இயந்திரக் கடிகாரத்தையும்விடத் துல்லியம். அடுத்த பதினைந்து ஆண்டில் சுவிஸ் தொழிற்சாலைகள் வரிசையாகச் சாய்ந்தன. ஃபேவர் லூபாவும் குடும்பத்தின் கையை விட்டுப் போய், பல கை மாறியது.

விலை உயர்ந்த 'ஸ்போர்ட்ஸ் வாட்ச்' என்று இன்று கடை கண்ணாடிக்குள் இருக்கும் இனம் பிறந்ததும் அந்தக் கலவர காலத்தில்தான். 1972-இல் ஒடெமார் பிகே நிறுவனத்துக்கு ஜெரால்ட் ஜென்டா வரைந்த 'ராயல் ஓக்', எட்டுப் பட்டை வளையத்தில் எட்டுத் திருகாணி தெரிய, தங்கக் கடிகாரத்துக்கும் மேலான விலையில் எஃகில் வந்தது. 1976-இல் பாடெக் பிலிப்புக்கு அவரே வரைந்த 'நாட்டிலஸ்'. இரண்டும் அழகுதான், மறுக்க மாட்டேன். ஆனால் அவற்றைக் கட்டிக்கொண்டு யாரும் பாறையில் தொங்கப்போவதில்லை. பிவாக் அதற்குப் பத்து ஆண்டு முன்பே வந்துவிட்ட வேலைக்காரன். விளையாட்டு என்ற பெயரை விற்காமல் விளையாட்டுக்குப் போனது. சேகரிக்கிறவனின் ஓரவஞ்சனை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனிதான் கதை நம் பக்கம் திரும்புகிறது. 1984-இல் டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் கூட்டாக டைட்டனைத் தொடங்கின. ஓசூரில் தொழிற்சாலை எழுந்தது. டைட்டன் கையில் எடுத்த ஆயுதம் அதே குவார்ட்ஸ்தான். எச்.எம்.டி.யின் சாவி வாட்சுகளை நம் கைகளிலிருந்து கழற்றியது அதுதான். 2002-இல் வெறும் 3.5 மில்லிமீட்டர் தடிமனில் 'எட்ஜ்' செய்து காட்டியபோது உள்ளே இருந்த மிஷினின் தடிமன் 1.15 மில்லிமீட்டர். சுவிஸ்காரர்களுக்கே ஓசூர் எங்கே இருக்கிறது என்று தேட வைத்த சாதனை.

அந்த டைட்டன் 2011-இல் ஃபேவர் லூபாவை வாங்கியது. விலை சுமார் 20 லட்சம் யூரோ. குவார்ட்ஸால் வீழ்ந்த வீட்டைக் குவார்ட்ஸில் வளர்ந்தவர் கிரயம் பேசி வாங்கியிருக்கிறார். இதில் இன்னொரு சங்கதி இருக்கிறது. டைட்டனில் 27 சதவீதத்துக்கு மேல் பங்கு வைத்திருக்கும் டிட்கோ தமிழ்நாடு அரசின் நிறுவனம். அப்படியானால் 1737-இல் பிறந்த சுவிஸ் கடிகாரப் பெயர் ஒன்றில், பன்னிரண்டு ஆண்டு காலம், கால் பங்குக்கு மேல் நம்முடையது. அண்ணனிடம் இதைச் சொன்னபோது பிவாக்கைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப இது நம்ம கவர்மென்ட் வாட்ச்சா தம்பி? ரேஷன் கார்டுக்கு ஒண்ணு குடுத்திருக்கலாமே" என்றார்.

சிரித்துவிட்டு யோசித்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது. டைட்டன் அந்தப் பெயரை 2016-இல் மறுபடி உலகச் சந்தையில் இறக்கியது. அடுத்து வந்தது 'பிவாக் 9000'. 48 மில்லிமீட்டர் அகலத்தில் டைட்டானியம் உடம்பு, 9000 மீட்டர் வரை உயரம் காட்டும். எவரெஸ்டே 8849 மீட்டர்தான். பொறியியலாகப் பார்த்தால் சபாஷ் போடலாம். ஆனால் எவரெஸ்ட் ஏறுகிறவர்கள் எத்தனை பேர்? ஃபேவர் லூபா என்றதும் முகம் மலர்கிற மனிதர்கள் மதுரையிலும் தஞ்சாவூரிலும் செங்கல்பட்டிலும் இருந்தார்கள். அப்பாவின் சீ சீஃப் நின்றுபோய் பீரோவில் கிடக்கிற அந்த வீடுகளுக்கு, அதே அளவில், அதே முகத்தில் ஒன்று செய்து கொடுத்திருந்தால் கதை வேறாகியிருக்கும் என்பது என் எண்ணம். போட்ட பணம் திரும்பவில்லை. 2023-இல் எத்தோஸ் நிறுவனத்தைச் சேர்ந்த சில்வர்சிட்டி பிராண்ட்ஸுக்குக் கைமாறியது. புதிய உரிமையாளர்களும் இந்தியர்கள்தான். 2024-இல் ஜெனீவாவில் புது வாட்சுகளைக் காட்சிக்கு வைத்தபோது 'சீஃப்' என்ற பெயரை மீட்டு எடுத்திருந்தார்கள். யாரோ பீரோவைத் திறந்து பார்த்திருக்கிறார்கள்.

வாங்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பழைய ஃபேவர் லூபா என்று இணையத்தில் மலிவாகக் கிடைப்பவற்றில் பெரும்பகுதி, டயலைச் சுரண்டிப் புதிதாகப் பெயின்ட் அடித்தவை. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இவற்றுக்கு 'மும்பை ஸ்பெஷல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கத்தரிப்பூ நிறம், கிளிப்பச்சை, ஆரஞ்சு என்று டயல் பளபளத்தால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். அறுபது வயது டயல் கொஞ்சம் மங்கித்தான் இருக்கும், இருக்க வேண்டும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் அசல் அச்சு விளிம்பு மழுங்காமல் நிற்கும். போலியில் எழுத்து மை கசிந்ததுபோல் இருக்கும். ஆறு மணிக்குக் கீழே 'சுவிஸ் மேட்' கோணலாக இருந்தாலோ காணாமல் போயிருந்தாலோ சந்தேகப்படலாம். மூடியைத் திறந்து மிஷினையும் காட்டச் சொல்லுங்கள். 'ட்வின் பவர்' என்று எழுதியவற்றில் இரண்டு ஸ்பிரிங் டப்பாக்கள் இருக்கும், 2.95 மில்லிமீட்டர் தடிமனுக்குள் இரண்டையும் அடக்கி, ஒரு முறை சாவி கொடுத்தால் ஐம்பது மணி நேரம் ஓட வைத்த மிஷின் அது. பெயர் ட்வினாக இருந்து டப்பா ஒன்றாக இருந்தால் விற்பவர்தான் ட்வின் வேலை பார்த்திருக்கிறார்.

நானும் ஒருமுறை ஏமாந்தவன். 'ஆள் கைபடாத வாட்ச்' என்று ஒருவர் சொன்னதை நம்பி வாங்கி அண்ணனிடம் கொண்டுபோனேன். லென்ஸைக் கண்ணில் சொருகி அரை நிமிடம் பார்த்தார். "மிஷின் ஒரு ஊரு, டயல் ஒரு ஊரு, முள்ளு ஒரு ஊரு. சமபந்தி போஜனம்" என்றார்.

பிவாக்கில் வேறொரு சிக்கல் உண்டு. காற்று உள்ளே போனால்தானே உயரமானி வேலை செய்யும்; அதனால் காற்றுக்கு வழிவிட்டே செய்திருக்கிறார்கள். நம் கிழக்குக் கடற்கரையின் உப்புக்காற்று அந்த வழியாகப் போய் எதையெல்லாம் தின்னும் என்று சொல்ல வேண்டியதில்லை. கோவளம், மாமல்லபுரம் பக்கம் குடியிருப்பவர்கள் வாங்கினால் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைப்பது உத்தமம். இதே நிறுவனம் அறுபதுகளின் பிற்பகுதியில் 'பேத்தி' என்றும் ஒன்று செய்தது. பின்மூடியில் ஓட்டை; கடல்நீர் அதன் வழியாக ஒரு மெல்லிய தகட்டை அழுத்த, 50 மீட்டர் வரை ஆழத்தை முள் காட்டும். 2002-இல் மாமல்லபுரம் கடலுக்குள் தேசியக் கடலாய்வு நிறுவனமும் பிரிட்டிஷ் முக்குளிப்பாளர்களும் கட்டுமானச் சிதைவுகளைப் பார்த்தது ஐந்து முதல் எட்டு மீட்டர் ஆழத்தில். பேத்தியின் முள் அதற்குச் சோம்பல்கூட முறித்திருக்காது.

பிவாக்கைச் சோதிக்க நாங்கள் கண்ட மலை திருக்கழுக்குன்றம். ஒரு ஞாயிறு விடிகாலையில் மாமல்லபுரக் கடற்கரையில் முள்ளைப் பூஜ்ஜியத்துக்குச் சரிசெய்து, அங்கிருந்து பஸ் பிடித்து, ஐந்நூற்றுச் சொச்சம் படிகளையும் ஏறினோம். வேதகிரீஸ்வரர் சன்னதி வாசலில் முள் 150-ஐ ஒட்டி நின்றது. மலை ஐந்நூறு அடி என்று ஊரில் சொல்வார்கள், கணக்கு நேர்தான். அறுபது வயது உலோகக் குப்பி அது. ஏறியதில் மூச்சு வாங்கியது எங்கள் இருவருக்கும்தான்.

இறங்கும்போது அண்ணன் கேட்டார், நம் ஆட்கள் முன்னாடி என்ன வைத்துக் காலம் பார்த்தார்கள் என்று. முல்லைப்பாட்டில் இருக்கிறது என்றேன். போர்ப்பாசறையில் காவல் சூழ அரசன் இருக்க, துளைவழியே நீர் கசியும் வட்டிலைப் பார்த்து நாழிகை சொல்கிறவர்கள் வருகிறார்கள். கூடாரமும் காடும் மழைக்காலமுமாக இருக்கும் இடத்துக்கு எடுத்துப்போன கடிகாரம் என்ற வகையில் அது பிவாக்குக்கு மூத்த சொந்தம். அந்தப் பாட்டுக்கு ஆராய்ச்சியுரை எழுதியவர் மறைமலையடிகள். அவர் பெயர் வைத்த ஊரில் குடியிருந்துகொண்டு இதை அண்ணனுக்குச் சொல்ல எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. அண்ணனுடைய கவலை வேறு. "தண்ணி தீர்ந்துட்டா யாரு ஊத்துவா?"

பிவாக்கை விலைக்குக் கேட்டு அவரிடம் ஆட்கள் வருகிறார்கள். சீ சீஃப் சில ஆயிரத்தில் கிடைக்கும், நல்ல நிலையில் உள்ள பிவாக் அதைப்போல் பல மடங்கு. அவர் கொடுப்பதில்லை. ஐப்பசி பிறந்ததும் அதற்கு வேலை வந்துவிடுகிறது. வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் என்று டிவியில் சொல்லத் தொடங்கினால், ராத்திரி எட்டு மணிக்கு மேல் அவரிடமிருந்து எனக்கு போன் வரும்.

"தம்பி, சாயங்காலத்துலேர்ந்து முப்பது மீட்டர் ஏறியிருக்கு. மாடியில துணி காயப்போட்டிருந்தா எடுத்துடுங்க."