குளிருக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தினோம்... சுவர் வியர்த்தது!

‘ஐரோப்பாவில் அபார்ட்மென்ட் வாழ்க்கை’ என்றதும் என்ன தோன்றும்? பளிச்சென்று வீடு, தூசியில்லாத காற்று, குழந்தைக்குச் சளியே பிடிக்காது... நானும் அப்படித்தான் நினைத்தேன், 2018 அக்டோபரில் ஜெர்மனியின் ம்யூனிக் நகரில், மூன்றாவது மாடி ஃப்ளாட்டில் பால் காய்ச்சியபோது!

இரண்டு அறை, சின்ன கிச்சன், ஜன்னலுக்குக் கீழே வெந்நீர் ஓடும் இரும்பு ஹீட்டர். டிசம்பரில் குளிர் பூஜ்யத்துக்கும் கீழே போனது. ஊரிலிருந்து மாமியார் போனில், ‘‘குழந்தையைப் பனிக்காத்துல காட்டிடாதேம்மா!’’ என்றார். ஒரு ஜன்னல் விடாமல் இறுக்கிச் சாத்தினேன்.

காலையில் இட்லி ஆவி, மத்தியானம் குக்கர் ஆவி, ராத்திரி வெந்நீர்க் குளியல். துவைத்த துணியெல்லாம் ஹீட்டர் மேலேயே காயும். கீழ்வீட்டு ஜெர்மன் பாட்டியோ, கொட்டுகிற பனியில் எல்லா ஜன்னலையும் அகலத் திறந்து வைப்பார். ‘இந்தம்மாவுக்கு என்ன ஆச்சு?’ என்று நினைத்துக்கொள்வேன்.

ஜனவரியில் என் நாலு வயது மகளுக்கு இருமல் ஆரம்பித்தது. பகலில் பரவாயில்லை, ராத்திரி படுத்தால் நெஞ்சில் விசில் சத்தம். மருந்து கொடுத்தால் குறையும், நாலே நாளில் திரும்பிவிடும். ஒருநாள் நடுராத்திரி, மூச்சு விடும்போது விலாப்பக்கம் உள்ளே இழுத்ததைப் பார்த்ததும் நானும் அவரும் பதறிப்போய் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். மருந்தை உறிஞ்சவைத்து, மூச்சு சீரான பிறகு டாக்டரம்மா கேட்டார்... ‘‘வீட்டுச் சுவரில் பூஞ்சை இருக்கிறதா?’’

‘‘இல்லவே இல்லை’’ என்றேன். வீட்டுக்கு வந்து மகளின் கட்டிலை நகர்த்தினால்... வெளிச்சுவரில், அவள் தலைமாட்டில், ஒரு முழ நீளத்துக்குக் கன்னங்கரேலென்று பூஞ்சை!

விஷயம் இதுதான். மூச்சு, சமையல், குளியல், துணி என்று நாலு பேர் உள்ள வீட்டில் ஒரே நாளில் 10 லிட்டர் தண்ணீர் வரை ஆவியாகக் காற்றில் கலக்கிறது. ஜன்னல் சாத்தியிருந்தால் அது எங்கே போகும்? குளிர்ந்த வெளிச்சுவரில் பட்டுத் தண்ணீராகிறது. அங்கேதான் பூஞ்சை குடியேறும். ஈரமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் ஆஸ்துமாவும் மூச்சுத் தொல்லைகளும் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-லேயே சொல்லியிருக்கிறது.

பாட்டி செய்ததற்கு ஜெர்மன்காரர்கள் வைத்திருக்கும் பெயர் ‘ஷ்டோஸ்லுஃப்டன்’. ஒரேயடியாகத் திறந்து காற்றை மாற்றுவது! வெளியே இருக்கிற குளிர்காற்றில் ஈரம் குறைவு. ஐந்தே நிமிஷத்தில் ஈரக்காற்று வெளியேறிவிடும். சுவரின் சூடு போகாது.

குளிர்நாட்டு ஃப்ளாட்டில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியவை:

* தினம் மூன்று, நான்கு தடவை எதிரெதிர் ஜன்னல்களை 5 முதல் 10 நிமிஷம் முழுசாகத் திறந்து, மூடிவிடுங்கள். அந்த நேரம் குழந்தை அடுத்த அறையில் இருக்கட்டும்.

* நாள் முழுக்க லேசாகச் சாய்த்துத் திறந்து வைக்காதீர்கள். சுவர் குளிர்ந்து பூஞ்சை அதிகமாகும்.

* கட்டில், பீரோ வெளிச்சுவரை ஒட்டி வேண்டாம். நாலு விரல் இடைவெளி விடுங்கள்.

* ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி ஒன்று வாங்குங்கள். 40-லிருந்து 60 சதவிகிதத்துக்குள் இருப்பது நல்லது.

* ஜன்னலைத் திறந்தும் ஈரம் போகவில்லையா? குழாய் ஒழுகல் இருக்கலாம். வீட்டு ஓனரிடம் உடனே சொல்லுங்கள். பெரிய பூஞ்சையை நீங்களே சுரண்டாதீர்கள்.

எங்கள் சுவரை ஆள் வைத்துச் சுத்தம் செய்தார்கள். மகளின் இருமல் மறுநாளே நின்றுவிடவில்லை. டாக்டர் சொன்னபடி இன்ஹேலரை விடாமல் கொடுத்தோம். அடுத்த குளிர்காலத்தில்தான் நிம்மதியாகத் தூங்கினாள்... நாங்களும்தான்!

மாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அதிலிருந்து போன் எடுத்ததும் அவர் கேட்கிற முதல் கேள்வி... ‘‘இன்னிக்கு ஜன்னலைத் திறந்தியாம்மா?’’