'சார்' என்று யாரைச் சொல்லலாம்?

பிச்சாட்டூரில் மண்டல ஆபீஸ் வாசலில் ஒரு மணி நேரம் நின்றால் போதும். "சார்" என்ற சொல் எத்தனை தடவை காதில் விழுகிறது என்று எண்ணி மாளாது. தாசில்தாரும் சார், குமாஸ்தாவும் சார், மரத்தடியில் மனு எழுதிக் கொடுப்பவரும் சார். தெலுங்குக்காரர் பெயரோடு "காரு" சேர்ப்பார். தமிழர் "ஐயா" என்பார். இரண்டில் எதைச் சொல்வது என்று தயங்கும் இடத்தில் "சார்" கை கொடுக்கிறது.

இந்தச் "சார்" ஒரு காலத்தில் வாள் கட்டிக் கொண்டு வந்த சொல். இங்கிலாந்து மன்னர் ஒருவரை மண்டியிடச் செய்து, வாளால் அவர் தோள்களைத் தொட்டு எழுப்பினால் அன்று முதல் அவர் "சர்". ஆதியில் அது குதிரை ஏறிப் போர் செய்தவருக்கு உரியது. பிறகு நீதிபதி, விஞ்ஞானி, வியாபாரி, நடிகர் என்று பலருக்கும் போயிற்று. கிரிக்கெட் வீரர் பிராட்மனுக்கு 1949-ல் கிடைத்தது.

நம் மன்னர்களும் படைத்தலைவனுக்கு "ஏனாதி" என்றும், வணிகனுக்கு "எட்டி" என்றும் பட்டம் சூட்டியவர்கள்தான். பட்டம் பெறாத வீரனுக்கு ஊரே கல் நட்டது. ஆநிரை கவர வந்தவர்களோடு மோதி மாண்டவர்களின் நடுகற்கள் சித்தூர் வட்டாரத்திலும் செங்கம் பக்கத்திலும் இன்றும் நிற்கின்றன.

அப்படியானால் இந்தக் காலத்தில் யாருக்கு அந்தப் பட்டம் பொருந்தும்? மன்னர் கொடுத்துவிட்டார் என்பதற்காகப் பொருந்திவிடுமா? பெயருக்கு முன்னால் உள்ள "சர்" என்பதை எடுத்துவிட்டுப் பார்க்க வேண்டும். மீதி என்ன நிற்கிறது என்பதுதான் கேள்வி.

பக்கத்து ஊர்க்காரர்

வெகு தூரம் போக வேண்டாம். 5-9-1888 அன்று திருத்தணியில் பிறந்தவர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். திருப்பதியில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தார். அன்று இரண்டு ஊர்களும் ஒரே சென்னை மாகாணம். 1-4-1960-ல் எல்லை திருத்தியபோது திருத்தணி தமிழகத்துக்கு வந்தது. அவர் பிறந்த ஊர் இந்தப் பக்கம், படித்த ஊர் அந்தப் பக்கம் என்று ஆயிற்று.

உப்புச் சத்தியாகிரகத்துக்கு மறு வருடம், 1931-ல், அவருக்கு "சர்" பட்டம் கிடைத்தது. தேசத் தொண்டர்கள் சிறையிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்த நேரத்தில் பட்டமா என்று கேட்கலாம்; கேட்பதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் சுதந்திரம் வந்த பிறகு அவர் அந்தப் பட்டத்தைப் போட்டுக்கொள்வதை விட்டுவிட்டார். "டாக்டர்" போதும் என்றார். ஜனாதிபதியான 1962 முதல் அவருடைய பிறந்த நாள் ஆசிரியர் தினம். "சர்" ராதாகிருஷ்ணன் என்று இன்று சொன்னால் பள்ளிப் பிள்ளைகள் முழிப்பார்கள். வாத்தியார் என்றால் தெரியும்.

ஒரு ரூபாய்ச் சம்பளம்

குமாஸ்தா வேலை பார்க்கும் அன்பர்கள் ஒருவரைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். தஞ்சை மாவட்டத்து ஏழைக் குடும்பத்துப் பையன். கிராமக் கணக்குப் பிள்ளைக்கு உதவியாள், மாதம் ஒரு ரூபாய்ச் சம்பளம். அவர்தான் பின்னாளில் சென்னை ஐகோர்ட்டின் முதல் இந்திய நீதிபதியான முத்துசாமி ஐயர். 1893-ல் "சர்" ஆனார். ஐகோர்ட்டு கட்டிடத்துக்குள் அவர் சிலை இருக்கிறது.

அதே கோர்ட்டில் அவருக்குப் பின்னால் நீதிபதியாக இருந்தவர் எஸ்.சுப்பிரமணிய ஐயர். மதுரையில் 1842-ல் பிறந்தவர்; "மணி ஐயர்" என்றால் அந்தக் காலத்தில் எல்லோருக்கும் தெரியும். 1900-ல் "சர்" பட்டம். 1907-ல் ஓய்வு. பென்ஷன் வாங்கிக்கொண்டு, திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவரோ ஹோம் ரூல் இயக்கத்தில் இறங்கினார். 1917 ஜூனில் அன்னி பெசன்ட் அம்மையாரை சர்க்கார் காவலில் வைத்தது. மணி ஐயர் நேராக அமெரிக்க ஜனாதிபதி வில்சனுக்குக் கடிதம் எழுதினார். இந்தியாவில் நடப்பதை விவரித்து, சுயாட்சி வேண்டும் என்றார். விஷயம் வெளிவந்ததும் லண்டன் பார்லிமெண்டில் புயல் கிளம்பியது. இந்தியா மந்திரி மாண்டேகு கடுமையாகக் கண்டித்தார். சாதாரண ஆளாக இருந்தால் "தவறாக எண்ண வேண்டாம்" என்று ஒரு விளக்கக் கடிதம் போயிருக்கும். மணி ஐயர் 1918-ல் "சர்" பட்டத்தையும், "திவான் பகதூர்" பட்டத்தையும் சர்க்காரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். வயது 75-ஐத் தாண்டியிருந்தது.

ஜாலியன்வாலாபாக் படுகொலையைக் கண்டித்து தாகூர் "சர்" பட்டத்தை உதறியது 1919-ல். அதை உலகமே அறியும். ஒரு வருடம் முந்திக்கொண்ட மதுரைக்காரரை நம்மவர்களே மறந்துவிட்டோம்.

இப்போது சட்டம் என்ன?

சுதந்திர இந்தியாவில் பட்டங்களுக்கு இடமில்லை. ராணுவம், கல்வி தவிர வேறு பட்டம் எதையும் அரசு வழங்கக் கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 18-வது பிரிவு. பாரத ரத்னா, பத்ம விருதுகள் பட்டங்கள் அல்ல, அவற்றைப் பெயரோடு சேர்த்துப் போடக் கூடாது என்று 1995-ல் சுப்ரீம் கோர்ட்டு தெளிவாகச் சொல்லிவிட்டது. (நம் சுவரொட்டி அச்சடிப்பவர்கள் அந்தத் தீர்ப்பைப் படித்ததாகத் தெரியவில்லை.)

சிதம்பரத்தில் பிறந்த நோபல் விஞ்ஞானி வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனுக்கு 2012-ல் பிரிட்டன் "சர்" பட்டம் அளித்தது. அவரும் பொதுவாக அதைப் பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்வதில்லை.

திருப்பிக் கொடுத்தவர்கள்தான் உயர்ந்தவர்கள், வைத்துக்கொண்டவர்கள் தாழ்ந்தவர்கள் என்றும் சொல்லிவிட முடியாது. சர் பிட்டி தியாகராய செட்டியார் கடைசி வரை "சர்" ஆகவே இருந்தார். தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட சென்னைவாசி. 1920 தேர்தலில் ஜஸ்டிஸ் கட்சி வென்றபோது முதல் மந்திரி பதவி தேடி வந்தது, வேண்டாம் என்றார். அதே 1920-ல் சென்னை மாநகராட்சித் தலைவராக அவர் செய்த ஒரு காரியம் பட்டம், பதவி எல்லாவற்றையும் விடப் பெரியது. ஆயிரம் விளக்குப் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு போட ஏற்பாடு செய்தார். பிள்ளை ஒன்றுக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக் கூடாது என்று கணக்கு. 1956-ல் காமராஜர் அதே சாப்பாட்டை மாநிலம் முழுவதற்கும் கொண்டுபோனார். செட்டியாரின் பெயரைத் தாங்கிய தியாகராய நகர் சுருங்கி "டி.நகர்" ஆகிவிட்டது. சாப்பாடு சுருங்கவில்லை.

ஆந்திராவிலும் பள்ளியில் மதிய உணவு உண்டு. பிச்சாட்டூர்ப் பிள்ளைகள் சாப்பிடுகிற அந்தத் திட்டத்துக்கு 2024-ல் டொக்கா சீதம்மா பெயரைச் சூட்டினார்கள். கோதாவரிக் கரையில் லங்கல கன்னவரம் என்ற ஊரில், வழிப்போக்கர் எந்த நேரத்தில் வந்தாலும் இலை போட்டு, 1909-ல் மறைந்த அம்மாள் அவர். ஏழாம் எட்வர்ட் மன்னர் தம் முடிசூட்டு விழாவுக்கு அவரை அழைத்தார் என்றும், அவர் போகவில்லை, அவருடைய படம்தான் போயிற்று என்றும் கோதாவரிக்காரர்கள் சொல்வது உண்டு.