சுவரைக் குத்தினால் கராத்தே வருமா?

– மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவன்



"மலருக்கு ஏதாச்சும் எழுதிக் குடுடா. கவிதை மட்டும் வேண்டாம், ஏற்கனவே நாப்பது வந்து கெடக்கு" என்றார் நம் மாணவர் மன்றச் செயலாளர். எனக்குத் தெரிந்ததைத்தானே நான் எழுத முடியும்? எனக்குத் தெரிந்தது இரண்டு. ஒன்று, புத்தகத்தைப் பார்த்து வீட்டிலேயே கராத்தே பழகுவது எப்படி என்பது. மற்றொன்று, எப்படிப் பழகக் கூடாது என்பது. இந்த இரண்டாவது பாடத்தை என் வலது கை எலும்பை உடைத்துக்கொண்டுதான் படித்தேன்.

புத்தகம் வந்த கதை

முதலாம் ஆண்டு சேர்ந்த புதிது. எங்கள் ஊரில் கராத்தே வகுப்பு கிடையாது. டவுனுக்குப் போனால் உண்டு. ஆனால் மாதக் கட்டணம், பஸ் செலவு, யூனிஃபார்ம் என்று கணக்குப் போட்டால் வீட்டில் கேட்க வாய் வராது. அந்த நேரத்தில்தான் பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த ஒரு ஆங்கில கராத்தே புத்தகம் 40 ரூபாய்க்குக் கிடைத்தது. பக்கத்துக்குப் பக்கம் படம். நமக்கு அதுதானே வேண்டும்!

அதில் ஒரு படம். தரையில் ஒரு பலகை நட்டிருக்கிறது. அதன் உச்சியில் வைக்கோல் பிரி சுற்றியிருக்கிறது. ஒருவர் அதைக் குத்திக்கொண்டு நிற்கிறார். 'மகிவாரா' என்று பெயர் போட்டு, தினமும் இதைக் குத்தினால் முஷ்டி உறுதிப்படும் என்று எழுதியிருந்தது. எனக்கு இருந்த ஆங்கிலத்துக்கு நான் புரிந்துகொண்டது இதுதான்: கெட்டியான பொருளைக் குத்தினால் கையும் கெட்டியாகும்!

பலகைக்கு எங்கே போவது? வீட்டுக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகைச் சுவர் இருந்தது. ஒரு சாக்கை இரண்டாக மடித்துத் தொங்கவிட்டு, காலையில் 50, மாலையில் 50 என்று ஆரம்பித்தேன். விரல் முட்டி வீங்கியது. அதையும் பெருமையாக நினைத்துக்கொண்டேன். அப்பத்தாதான் மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டே, "அந்தச் சுவரு உனக்கு என்னடா பாவம் செஞ்சுச்சு?" என்று கேட்டது.

மூன்றாவது வாரம் ஒரு குத்தில் 'சுளீர்' என்றது. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். சுண்டுவிரலுக்குக் கீழே உள்ளங்கை எலும்பு முறிந்திருந்தது. "கோவத்துல சுவத்தைக் குத்திட்டு வர்றவங்களைப் பார்த்திருக்கேன். நீ கோவமே இல்லாம குத்திட்டு வந்திருக்கியே தம்பி!" என்றார் டாக்டர். நான்கு வாரம் மாவுக்கட்டு. அந்த செமஸ்டர் இன்ஜினியரிங் டிராயிங் பரீட்சையில் பென்சில் பிடிக்க முடியாமல் அரியர். அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. அரியர் ஃபீஸுக்குப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, "கை நல்லா மடங்குதா?" என்று மட்டும் கேட்டார். அதற்கு நாலு அடி போட்டிருக்கலாம்.

பலகையா? ஸ்பிரிங்கா?

இரண்டாம் ஆண்டில் 'ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்' வகுப்பு. சார் கேன்டிலீவர் பீம் நடத்திக்கொண்டிருந்தார். ஒரு முனை இறுகியிருக்கும், மறு முனை சும்மா நிற்கும், அங்கே லோடு கொடுத்தால் வளையும் என்று போர்டில் படம் போட்டபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் படத்தை நேராக நிமிர்த்தி வைத்தால் அதுதானே மகிவாரா! மறுநாள் புத்தகத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். சார் பார்த்துவிட்டு, "இது குத்துற சுவரு இல்லப்பா, நட்டு வெச்ச ஸ்பிரிங்" என்றார்.

அதன் பிறகு படத்தை நன்றாகக் கவனித்தேன். பலகை மண்ணுக்குள் போகும் இடத்தில் சுமார் 3, 4 அங்குலத் தடிமன். மேலே வர வர மெலிந்து, உச்சியில் அரை அங்குலம்தான். கேன்டிலீவரின் வளைவு தடிமனின் மூன்றாம் அடுக்குக்கு எதிர் விகிதத்தில் மாறும் என்று நாம் படித்திருக்கிறோம். சீரான ஒரு பலகையின் தடிமனைப் பாதியாக்கினால் அதே லோடுக்கு எட்டு மடங்கு வளையும். ஒகினாவாத் தீவுக்காரர்கள் ஃபார்முலா போட்டா செய்தார்கள்? அனுபவத்தில் கண்டுபிடித்தார்கள். குத்து விழும் இடம் வளைந்து கொடுக்க வேண்டும், அடிப்பாகம் முறியாமல் நிற்க வேண்டும்.

இதை ஒரு சின்னக் கணக்காகப் பார்ப்போம். நம் குத்தின் ஆற்றல் 30 ஜூல் என்று வைத்துக்கொள்வோம். சுவரில் விழும் கை, தோலும் சாக்கும் அமுங்குகிற அளவு, அதாவது சுமார் 5 மில்லிமீட்டருக்குள் நின்றாக வேண்டும். 30-ஐ 0.005 மீட்டரால் வகுத்தால் சராசரி விசை 6000 நியூட்டன். அதே குத்து 5 சென்டிமீட்டர் வளைகிற பலகையில் விழுந்தால் 600 நியூட்டன்தான். முதலாவது 600 கிலோ பாரம் போல. இரண்டாவது 60 கிலோ போல. கை ஒன்றுதான், குத்தும் ஒன்றுதான். நிற்கும் தூரம் மட்டுமே வேறு!

புத்தகத்தில் எல்லாம் இருந்தது. ஆனால் போட்டோவில் பலகை ஆடாதே! நான் அதை அசையாத பொருள் என்று நினைத்துவிட்டேன்.

எந்த எலும்பு தாங்கும்?

கராத்தேயில் முஷ்டியின் முன்பக்கம் முழுவதையும் பயன்படுத்துவதில்லை. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் பெரிய முட்டிகள்தான் படவேண்டும். இந்த இரண்டு விரல்களின் உள்ளங்கை எலும்புகள் மணிக்கட்டோடு இறுக்கமாகப் பொருந்தியவை. மணிக்கட்டு நேராக இருந்தால் பாரம் முன்கை எலும்புக்கு நேராகப் போய்ச் சேரும். மோதிர விரல், சுண்டுவிரல் எலும்புகள் மெலிந்தவை. அடி மூட்டிலும் கொஞ்சம் அசையக்கூடியவை. களைத்துப்போய்க் குத்தும்போது என் மணிக்கட்டு மடங்கி, பாரம் சுண்டுவிரல் பக்கம் போய்விட்டது. அங்கேதான் முறிந்தது.

பாரத்துக்கு ஏற்ப எலும்பு தன்னை மாற்றிக்கொள்ளும் என்று ஜெர்மானிய மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892-ல் எழுதினார். உண்மைதான். ஆனால் அதற்கு மாதங்கள், வருடங்கள் ஆகும். மூன்று வாரத்தில் நடக்கிற வேலை அல்ல. அதோடு, பத்தாவது முடித்து வரும் முதலாமாண்டுத் தம்பிகளுக்கு 15, 16 வயதுதான். பலருக்கு எலும்பு வளர்ச்சியே இன்னும் முடிந்திருக்காது. அவர்கள் கெட்டியான எதையும் குத்தவே வேண்டாம்.

வீட்டில் என்ன செய்யலாம்?

ஒகினாவாவில் இந்தத் துணைப் பயிற்சிகளுக்கு 'ஹோஜோ உண்டோ' என்று பெயர். நான் இப்போது செய்பவை இவை:

1. நிகிரி காமே: வாய் விளிம்பை விரல் நுனிகளால் கவ்விப் பிடிக்கும் ஜாடி. நான் இரண்டு பழைய ஊறுகாய் ஜாடிகளை எடுத்துக்கொண்டேன். முதலில் காலியாகவே பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்தேன். பிறகு வாரத்துக்கு ஒரு பிடி மணல். தோள் மேலே தூக்கக் கூடாது. மண் தரையில் செய்யுங்கள். சிமெண்டில் விழுந்தால் ஜாடியும் போச்சு, அம்மாவிடம் மானமும் போச்சு!

2. சி-இஷி: கம்பின் ஒரு முனையில் கல் பொருத்திய கருவி. நம் கர்லாக்கட்டையைச் சுற்றிப் பழகியவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். நான் ஒரு கம்பின் முனையை டப்பாவில் வைத்து சிமெண்ட் ஊற்றி இறுகவிட்டேன். 2 கிலோவே ஆரம்பத்துக்கு அதிகம். மணிக்கட்டுக்கும் தோளுக்கும் இதைவிட நல்ல பயிற்சி நான் கண்டதில்லை.

3. முஷ்டித் தண்டால்: பாயை மடித்துப் போட்டு, இரண்டு பெரிய முட்டிகளில் நின்று 5 எண்ணிக்கை. மணிக்கட்டு ஆடினால் முழங்காலை ஊன்றிக்கொள்ளலாம்.

4. நிலை: மொட்டை மாடியில் சாக்பீஸால் கோடு போட்டு, பாதத்தை அதில் வைத்து நில்லுங்கள். ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, முதுகு சாய்கிறதா என்று நண்பனைப் பார்க்கச் சொல்லுங்கள்.

5. மகிவாரா: இதெல்லாம் ஆறு மாதம் செய்த பிறகே. எங்கள் ஊர் ஆசாரி அண்ணன் நேர் இழை ஓடும் 7 அடிப் பலகையை இழைத்துக் கொடுத்தார். இரண்டரை அடி மண்ணுக்குள், மீதி வெளியே. உச்சி என் மார்பு உயரம். வைக்கோல் பிரி இல்லாவிட்டால் பழைய ரப்பர் செருப்பை வெட்டிக் கட்டலாம். ஆணி அடிக்கக் கூடாது. முதல் மாதம் குத்தவே இல்லை, முஷ்டியை வைத்துத் தள்ளி மட்டும் பழகினேன். இப்போதும் கைக்கு 20 தான். வலித்தால் அன்றோடு நிறுத்தம்.

புத்தகம் தராதது

புத்தகத்தைக் குறை சொல்லவில்லை. 1922-ல் டோக்கியோவுக்குப் போய் கராத்தேயைச் செய்து காட்டிய ஒகினாவா ஆசிரியர் ஃபுனாகோஷி கிச்சின், அதே ஆண்டில் அதைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதினார். அவர் பள்ளிக்கூட வாத்தியார். புத்தகத்தின் அருமை அவருக்குத் தெரியும். ஆனால் அவரே 'தெக்கி' என்ற மூன்று கட்டாக்களைக் கற்க பத்து வருடம் செலவிட்டார், அதுவும் குருவின் கண் முன்னால்.

கட்டாவின் வரிசை, பெயர், வரலாறு இதெல்லாம் புத்தகம் தரும். வீடியோ பார்க்கலாமே என்பீர்கள். பார்க்கலாம், அது அசைவைக் காட்டும். ஆனால் நாம் அதைப் பார்க்கிறோமே தவிர, அது நம்மைப் பார்ப்பதில்லை. இப்போது மாதம் ஒரு ஞாயிறு டவுனுக்குப் போய் ஒரு மாஸ்டரிடம் காட்டிவிட்டு வருகிறேன். முதல் நாளே, "முன்கால் முட்டி உள்ளே விழுது பாரு தம்பி" என்றார். எட்டு மாதம் நான் செய்த தப்பு, அவருக்கு இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிட்டது.

டிராயிங் அரியரை அடுத்த செமஸ்டரிலேயே பாஸ் செய்துவிட்டேன். ஆனால் இன்றும் முஷ்டி மடக்கினால் சுண்டுவிரல் முட்டி மட்டும் கொஞ்சம் உள்ளே அமுங்கியிருக்கும். நண்பர்களே, நாமெல்லாம் கையை நம்பிப் பிழைக்கப் போகிறவர்கள். லேத் ஆனாலும், ஃபைல் ஆனாலும், பென்சில் ஆனாலும் இந்தக் கைதான் பிடிக்க வேண்டும். எனவே எதையும் குத்தும் முன் அதைக் கையால் ஒரு முறை தள்ளிப் பாருங்கள். வளைந்தால் பழகுங்கள். வளையாவிட்டால், ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள்!