கரு கலைந்தவளுக்கும் ஓய்வு வேண்டும்

எருக்கலம்பிட்டியிலோ தாராபுரத்திலோ சிலாவத்துறையிலோ ஒரு பெண் பிள்ளை பெற்றால் வீட்டின் ஒழுங்கே மாறிவிடும். சரக்குக் கறி அடுப்பில் ஏறும். நாற்பது நாளைக்கு அவள் கையில் வாளி கொடுக்கமாட்டார்கள். ஆனால் இரண்டாம் மாதத்திலேயே கரு கலைந்தவள்? மூன்றாம் நாளே கிணற்றடியில் நிற்கிறாள்!

மார்க்கம் அவளை இப்படி ஒதுக்கவில்லை. நம் ஷாபிஈ மத்ஹபில், வெளியானது வெறும் சதைத்துண்டாக இருந்தாலும், அது மனிதப் படைப்பின் ஆரம்பமே என்று மருத்துவிகள் சொன்னால், பின்வரும் உதிரம் நிபாஸ்தான். குளிப்பும் கடமை. (ஹனபி மத்ஹபில் ஏதேனும் உறுப்பு உருவாகியிருக்க வேண்டும்.) சட்டம் அவளைப் பிள்ளை பெற்றவளோடு சேர்க்கிறது, வீடுதான் சேர்ப்பதில்லை.

அதற்காக நாற்பது நாள் தொழாமல் இருப்பதும் தவறு. நிபாஸின் கூடிய எல்லை 60 நாள், குறைந்ததற்கு எல்லையில்லை. பத்தாம் நாள் உதிரம் நின்றால் அன்றே குளித்துத் தொழவேண்டும். விடுபட்ட தொழுகைக்குக் களா இல்லை. ரமழான் நோன்புக்கு உண்டு. குளிக்கும்வரை தாம்பத்தியம் ஹராம் என்பதைக் கணவன்மாரும் அறியட்டும்.

உதிரம் பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் அடங்கும். மாதவிடாய் 4 முதல் 6 வாரத்தில் திரும்பும். அதற்கு முன்பே மீண்டும் கருத்தரிக்கவும் கூடும். இழந்த இரத்தத்தை மீட்க மீனும் முருங்கைக் கீரையும் நம் கரையில் தாராளம். பத்தியம் என்று அவற்றை விலக்காதீர்கள். இரும்புச்சத்து மாத்திரையைப் பிளேன்டீயுடன் விழுங்கினால் சத்து உடலில் சரியாகச் சேராது. தேசிக்காய்த் தண்ணீர் நல்லது. இரத்த வகை நெகட்டிவ் என்றால் வைத்தியரிடம் உடனே சொல்லுங்கள்.

மாமிமாருக்கு ஒரு வார்த்தை. ஆரம்ப மாதங்களில் கலையும் கருக்களில் ஏறத்தாழப் பாதிக்குக் காரணம் கருவிலேயே அமைந்த நிறமூர்த்தக் குறை. அவள் வாளி தூக்கியதாலோ பப்பாளி தின்றதாலோ அல்லாஹ்வின் நாட்டத்தை மாற்றிவிட்டாள் என்று பேசாதீர்கள்.

1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட நம் குடும்பங்களில் பல இன்றும் பாதி புத்தளத்தில், பாதி இங்கே. உம்மா அருகிலில்லாத இளம்பெண் வேதனையை மறைத்தே பழகிவிடுகிறாள். ஒரு மணித்தியாலத்தில் இரண்டு பெரிய பேட் நனைவது இரண்டு மணித்தியாலம் தொடர்ந்தால், அல்லது காய்ச்சல், துர்நாற்றம், மயக்கம், கடும் வயிற்றுவலி கண்டால், நள்ளிரவானாலும் மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். இலவச அம்புலன்ஸ் இலக்கம் 1990. நம்மவர்களுக்கு மறக்காத எண். ஆண் வைத்தியர் என்று தயங்கவேண்டாம். நிர்ப்பந்தத்தில் மார்க்கம் அதை அனுமதிக்கிறது.

அபாயம் இல்லாவிட்டாலும், வீட்டுக்கு வரும் மருத்துவ மாதுவிடம் நடந்ததைச் சொல்லுங்கள். கிளினிக் கொப்பியை ஒளித்து வைக்கவேண்டாம்.