பத்து லட்சம் ஆண்டுக்குப் பிறகு கிணற்று நீர் எப்படி இருக்கும்?

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் அமர்கோசா பள்ளத்தாக்கு என்றொரு வறண்ட ஊர். மழை சொற்பம், எல்லாம் நிலத்தடி நீர்தான். அதை இறைத்துத்தான் குதிரைமசால் போடுகிறார்கள், கறவை மாடு வளர்க்கிறார்கள். ஊருக்கு வடக்கே யூக்கா மலை. அதன் உள்ளே சுமார் 300 மீட்டர் ஆழத்தில், அணுமின் நிலையங்களில் பயன்படுத்தி முடித்த எரிபொருள் உட்பட 70,000 டன் கழிவைப் புதைக்க அந்நாட்டு அரசு திட்டமிட்டது. கலன்கள் என்றைக்காவது அரிக்கும். கசிவது நிலத்தடி நீரில் இறங்கும். நீரோட்டமோ தெற்கே, விவசாயிகள் பக்கம்.

இதைப் பரிசோதனைத் திடல் போட்டுப் பார்க்க முடியாது. புளூட்டோனியம்-239 பாதியாகக் குறையவே சுமார் 24,000 ஆண்டு வேண்டும். அதனால் 'கோல்ட்சிம்' என்ற மென்பொருளில் கணக்குப் போட்டார்கள். கலன் எப்போது ஓட்டையாகும், மழை எவ்வளவு இறங்கும் என்பதற்கெல்லாம் ஒரே எண் கிடையாது. ஒரே வயலில் நாலு இடத்து மண் மாதிரி நாலு விதமாகக் காட்டுவதில்லையா, அதுபோலத்தான். எண்களை மாற்றி மாற்றி நூற்றுக்கணக்கான தடவை ஓட்டினார்கள்.

கணக்கின் முடிவில் நிற்பவர் ஒரு கிராமவாசி. மலைக்குத் தெற்கே சுமார் 18 கி.மீ. தொலைவில், மாசு மிகுந்த நீரோட்டத்துக்கு நேர் மேலே அவர் குடியிருப்பதாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. தினம் 2 லிட்டர் கிணற்று நீர் குடிப்பார். இன்றைய அமர்கோசா மக்கள் உண்பதையே உண்பார். முதல் 10,000 ஆண்டு வரை அவர் உடலுக்குச் சேரும் கதிர்வீச்சு வருடத்துக்கு 0.15 மில்லிசீவர்ட்டையும், பிறகு பத்து லட்சம் ஆண்டு வரை 1 மில்லிசீவர்ட்டையும் தாண்டக்கூடாது. இயற்கையாகவே ஒருவருக்கு வருடத்தில் சேர்வது உலக சராசரியில் 2.4.

பாசன நீரிலிருந்து பயிருக்கு எவ்வளவு ஏறும் என்பதையும் மென்பொருள் பார்க்கிறது. டெக்னீசியத்தைக் கீரை வகைகள் நன்றாக இழுக்கும். புளூட்டோனியம் மண்ணிலேயே ஒட்டிக்கொள்ளும், பயிருக்கு ஏறுவது மிகக் குறைவு. அயோடின் புல் வழியே மாட்டுக்கும், மாட்டிலிருந்து பாலுக்கும் போகும்.

கவனிக்க வேண்டிய எண் ஒன்று உண்டு. அந்த ஊரின் ஆண்டுத் தண்ணீர்த் தேவை 3,000 ஏக்கர்-அடி, அதாவது 3,000 ஏக்கரில் ஓர் அடி உயரம் நிற்கும் நீர் என்று விதியே நிர்ணயித்துவிட்டது. கசிவு முழுவதும் இவ்வளவு நீரில் கலப்பதாகக் கணக்கு. இந்த எண்ணைப் பாதியாக்கினால் கிணற்று நீரில் மாசு இரட்டிப்பாகும். மென்பொருள் எவ்வளவு நுட்பமாக இருந்தாலும், விவசாயி முதலில் கேட்க வேண்டியது இப்படிப்பட்ட எண்களைத்தான்.

2008-ல் உரிமத்துக்கு விண்ணப்பித்தார்கள். 2010-க்குப் பிறகு பணம் ஒதுக்குவது நின்று, திட்டம் கிடப்பில் விழுந்தது. எரிபொருள் இன்னமும் நாடு முழுக்க மின் நிலைய வளாகங்களிலேயே இருக்கிறது.