சாரல் ஊரில் ஓர் ஒலிப்பதிவு அறை

தென்காசியிலிருந்து குற்றாலம் ஐந்து கிலோமீட்டர் தொலைவுதான். ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியே காற்று புகுந்து வரும்போது, இவ்விரு ஊர்களிலும் ஓசையற்ற நாழிகை என்று ஒன்று இராது. காற்றின் இரைச்சல், சாரலின் சலசலப்பு, அருவியின் பேரோசை ஆகிய மூன்றும் கலந்து இரவும் பகலும் ஒலிக்கும். அதைக் கேட்கவே மக்கள் எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். ஆனால் ஒரு குரலைப் பதிவு செய்ய நினைப்பவருக்கு அதுவே முதல் பகை.

இதை நான் பட்டறிந்தேன். அச்சேறாத தாலாட்டுகளும் முனாஜாத்துகளும் பலவற்றை மனனமாக வைத்திருந்த பெரியவர் ஒருவர் எங்களுக்கு அறிமுகமாயிருந்தார். ஒரு சாரல் காலத்தில், புதிதாய் வெள்ளையடித்த வெற்று அறையொன்றில் அவரை அமர்த்தி, நாடாவில் பதிவு செய்தோம். பத்தடிக்குப் பத்தடி அறை; உயரமும் பத்தடி. போட்டுக் கேட்டபோது, கிணற்றுக்குள்ளிருந்து யாரோ பாடுவது போலிருந்தது. மறுபடி பதிந்துகொள்ளலாம் என்றிருந்தோம். அவர் காத்திருக்கவில்லை, மறைந்துவிட்டார். குரல் இருக்கிறது, சொற்கள் இல்லை. எதிரொலியைக் குறைக்க இன்று கணினி மென்பொருள்கள் உள்ளன. எனினும் அது விழுங்கிவிட்ட மெய்யெழுத்துகளை அவை முழுமையாக மீட்டுத் தருவதில்லை.

அவருடைய தங்கை, எண்பதைக் கடந்த மூதாட்டி, அப்பாடல்களில் சிலவற்றை இன்னும் நினைவில் வைத்திருக்கிறார். இம்முறை அறையை முதலில் செம்மை செய்வோம் என்று முடிவெடுத்து, அதற்காகக் கற்றவற்றையே இங்கே எழுதுகிறேன்.

வீட்டுக்குள் ஒரு நிலையம்

ஒலிப்பதிவுக் கூடம் என்றாலே பெருஞ்செல்வர்களுக்கு உரியது என்ற எண்ணம் நம்மிடையே உண்டு. இசையமைப்பாளர் ஏ.ஆர். ரஹ்மான் 1989ஆம் ஆண்டில் சென்னை கோடம்பாக்கத்தில் தம் வீட்டை ஒட்டியே 'பஞ்சதன் ரெக்கார்ட் இன்' என்னும் பதிவுக் கூடத்தை அமைத்தார். அறையைக் கட்டி முடித்தபோது கருவி வாங்கப் பணமில்லை; ஒரு குளிரூட்டி (ஏ.சி.), ஓர் அலமாரி, ஒரு கம்பளம் மட்டுமே அங்கிருந்தன; தாயார் கரீமா பேகம் தம் நகைகளைக் கொடுத்த பின்னரே முதல் பதிவுக் கருவி வந்தது என்று அவரே பேட்டியில் கூறியிருக்கிறார். 1992இல் வெளிவந்த 'ரோஜா' படப் பாடல்கள் அந்த அறையில் உருவானவையே. அறை முதலில், கருவி பின்னர் என்ற அந்த வரிசை நாம் மனத்திற் கொள்ளத்தக்கது. விலையுயர்ந்த மைக்கும் கெட்ட அறையில் கெட்ட ஒலியையே உண்மையாகப் பதிந்து தரும்.

சதுர அறையின் குற்றம்

ஒலி ஒரு வினாடியில் ஏறத்தாழ 1130 அடி செல்கிறது. எதிரெதிரான இரு சுவர்களுக்கு இடையே அது போய்வரும்போது, அவ்விடைவெளிக்கு ஏற்ற சில சுரங்கள் மட்டும் பெருகி முழங்குகின்றன. பத்தடி இடைவெளிக்கு அச்சுரங்கள் வினாடிக்கு சுமார் 56, 113, 169 அதிர்வுகள் உடையவை. ஆண்களின் பேச்சுக் குரலின் அடிநாதம் பெரும்பாலும் 85 முதல் 180 அதிர்வுகளுக்குள் அமைவது. எனவே 113க்கு அருகில் குரல் வரும்போதெல்லாம் அறை 'கும்' என்று முழங்கும்.

நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தடியாக இருந்தால், மூன்று திசைகளிலும் அதே சுரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொள்ளும். நாங்கள் செய்த பிழை இதுவே. மூன்று அளவுகளும் வேறுபட்டால் முழக்கம் பல சுரங்களுக்குப் பகிர்ந்துவிடும். உயரம் 1 என்றால் அகலம் 1.14, நீளம் 1.39 என்பது 1965இல் செப்மேயர் என்பவர் வெளியிட்ட விகிதங்களில் ஒன்று. நம் வீடுகளின் கூரை வழக்கமாகப் பத்தடி உயரம். அதற்கு அகலம் பதினொன்றரை அடி, நீளம் பதினான்கு அடி என்று வைத்தால் இவ்விகிதத்துக்கு மிக அருகில் வரும். ஓர் அளவு மற்றொன்றின் இரு மடங்காக, அதாவது பத்துக்கு இருபது என அமைவதையும் தவிர்க்க வேண்டும்.

எதிரொலிக்கு ஒரு கணக்கு

பீஜப்பூரில் முகம்மது ஆதில் ஷா அடங்கியுள்ள கோல் கும்பஸின் மாடத்தில் ஒருபுறம் முணுமுணுத்தால் மறுபுறம் கேட்கும். 1920களின் தொடக்கத்தில் சர் சி.வி. இராமன் இத்தகைய முணுமுணுப்பு மாடங்களை ஆராய்ந்து கட்டுரை எழுதினார். வியந்து நிற்க அது நன்று. சொல் விளங்க வேண்டிய இடத்தில் நன்றன்று.

எதிரொலியைக் கணக்குக்குள் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வாலஸ் சபைன். 1895இல், அங்கிருந்த விரிவுரைக் கூடம் ஒன்றில் ஒரு சொல் ஐந்து வினாடிக்கு மேல் ஒலித்துக்கொண்டே இருந்ததால் பாடமே புரியவில்லை. அவர் ஊர் உறங்கிய இரவுகளில், பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைச் சுமந்துவந்து பரப்பி, ஆர்கன் குழலை ஊதி, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். அதிலிருந்து பிறந்த விதி எளியது: அறையின் கன அடியை 0.049ஆல் பெருக்கி, ஒலியை உறிஞ்சும் பரப்பின் சதுர அடியால் வகுத்தால் எதிரொலி நிற்கும் வினாடிகள் கிடைக்கும்.

நம் அறையின் கொள்ளளவு 1610 கன அடி. சுவர், தரை, கூரை அனைத்தும் சேர்ந்து 832 சதுர அடி. பூசிய சுவர் தன்மேல் படும் ஒலியில் நூற்றில் இரண்டு அல்லது மூன்று பங்கையே உறிஞ்சும்; ஆதலால் வெற்றறையில் எதிரொலி மூன்று வினாடிக்கும் மேல் நிற்கும். பேச்சுக்கும் பாட்டுக்கும் உரிய சிறு அறையில் அது 0.3 வினாடி அளவில் இருப்பது நலம். அதற்கு ஏறத்தாழ 260 சதுர அடி நல்ல உறிஞ்சுபரப்பு தேவை. கூரையில் பாதி, அகலச் சுவர் ஒன்று முழுமையும், நான்கு மூலைகளிலும் இரண்டடி அகலத்தில் மேலிருந்து கீழ்வரை என்று வைத்தால் அத்தொகை வந்துவிடும்.

எது உறிஞ்சும், எது உறிஞ்சாது?

முட்டை அட்டைகளையும் தெர்மோகோலையும் ஒட்டுவது நம்மவரிடையே பரவிய பழக்கம். இவற்றால் பெரும்பயன் இல்லை. தீப்பற்றும் அபாயமும் உண்டு. நல்ல உறிஞ்சியை அறிய எளிய சோதனை ஒன்று: வாயை வைத்து ஊதினால் காற்று சற்றுத் தடைப்பட்டு உள்ளே புக வேண்டும். கிளாஸ் வுல், ராக் வுல், தேங்காய் நார் மெத்தை, இலவம்பஞ்சு மெத்தை ஆகியவை இவ்வகையின. கனமும் வேண்டும். மெல்லிய கம்பளம் கீச்சொலிகளை மட்டும் தின்றுவிட்டு முழக்கத்தை அப்படியே விட்டுவிடும். ஆகவே நான்கு அங்குலத்துக்குக் குறையாத கனத்தில் மரச்சட்டத்தில் அடைத்து, துணி போர்த்துவதே முறை. மூலைகளில் கனம் இன்னும் கூடினால் நல்லது.

குற்றாலத்து ஈரத்தில் சுவரோடு ஒட்டிய மெத்தை பூஞ்சை பிடித்துவிடும். சட்டத்தைச் சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி மாட்டினால் காற்றோட்டம் கிடைக்கும். அந்த இடைவெளியே தாழ்ந்த சுரங்களை உறிஞ்சவும் துணைபுரியும். கிதாபுகள் ஏறியும் இறங்கியும் நிற்கும் அலமாரி ஒலியைச் சிதறடித்து அறைக்கு உயிரூட்டும். மைக்கை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லுடன் இறுக்கமான டப்பாவில் வைக்க வேண்டும்.

வெளியோசையைத் தடுப்பது வேறு வேலை. அதை மெத்தை செய்யாது, எடையே செய்யும். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், காங்கிரீட் கூரை, கெட்டியான மரக்கதவு ஆகியவை வேண்டும். தகரக் கூரையின்கீழ் சாரலில் பதிவு நடவாது. கதவுக்கும் நிலைக்கும் இடையிலுள்ள சந்தில் ரப்பர் பட்டை இடாவிட்டால், சுவருக்குச் செய்த செலவு வீண். மின்விசிறியைப் பதிவு நேரத்தில் நிறுத்திவிட வேண்டும். பாடுபவர் அறையின் நட்டநடுவில் அமரலாகாது. மைக் வாய்க்கு ஒரு சாண் தொலைவில் இருந்தால் குரல் ஓங்கி, அறையின் ஓசை தாழும்.

இத்தனையையும் அம்மூதாட்டியிடம் விளக்கியபோது அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி தம்பி, சாரலுக்கு முன்னாடி முடிச்சுருவியளா? அண்ணன் பாட்டுல பாதி இப்பவே மறந்துபோச்சு" என்றார்.

கதவுக்கு ரப்பர் பட்டை இடுவதும் கூரைச் சட்டங்களை மாட்டுவதும் மட்டுமே எஞ்சியுள்ளன. இன்ஷா அல்லாஹ், பங்குனிக்குள் முதல் பாடலைப் பதிந்துவிடுவோம். உங்கள் வீட்டிலும் இத்தகைய குரலொன்று இருக்குமாயின், வாசக அன்பர்களே, அறை முழுமையாகும்வரை காத்திராதீர்கள். இன்றிரவே மெத்தைகளும் போர்வைகளும் அடுக்கிய ஓர் அறையில், கதவைச் சாத்தி, கைப்பேசியிலேனும் பதிந்து வையுங்கள்.