ராசி தெரியும்... உங்கள் லக்னம் தெரியுமா?

"என்ன ராசி?" என்று கேட்டால் சட்டென்று பதில் வரும். "என்ன லக்னம்?" என்றால் பலர் ஜாதக நோட்டைத் தேடுவார்கள். ஆனால், ஜோதிடர்கள் கட்டத்தில் முதலில் தேடுவது 'ல' என்ற எழுத்தைத்தான்.

லக்னம் என்றால் என்ன?

குழந்தை பிறக்கும் நேரத்தில் கிழக்கு அடிவானத்தில் உதயமாகும் ராசியே லக்னம். அப்போது சந்திரன் நிற்கும் ராசி, ஜென்ம ராசி. சந்திரன் ஒரு ராசியைக் கடக்க ஏறக்குறைய இரண்டேகால் நாள் ஆகும். லக்னமோ சுமார் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மாறிவிடும்.

உதாரணமாக, சித்திரை மாதத்தின் நடுவில் தமிழ்நாட்டில் சூரிய உதயத்தில் பிறந்த குழந்தைக்கு மேஷ லக்னம். அதே நாள் நண்பகலில் பிறந்தால் கடகம். சூரியன் மறையும்போது பிறந்தால் துலாம். மூவருக்கும் ஜென்ம ராசி ஒன்றாகவே இருக்கலாம். ஜாதகம் வேறு வேறு!

ஏன் முக்கியம்?

லக்னம்தான் முதல் வீடு. அங்கிருந்து வலமாக எண்ணினால் 2 குடும்பம், 4 தாய், 7 வாழ்க்கைத்துணை, 10 தொழில். லக்னத்திலிருந்து 2, 4, 7, 8, 12-ம் வீடுகளில் செவ்வாய் இருந்தால் 'செவ்வாய் தோஷம்' என்பார்கள். சந்திரன், சுக்கிரனை வைத்தும் பார்ப்பதுண்டு. ஆக, பிறந்த நேரத்தைத் தவறாகக் குறித்தால், இல்லாத தோஷம் கட்டத்தில் ஏறிவிடலாம். அதனால் நல்ல வரன் கைநழுவவும் கூடும்.

எங்கே தவறு நடக்கிறது?

ஒரு லக்னம் முடிந்து அடுத்தது தொடங்கும் சமயத்தில் பிறந்தவர்களுக்கு ஐந்து நிமிட வித்தியாசமே லக்னத்தை மாற்றிவிடும். பிறந்த ஊரும் சரியாக இருக்க வேண்டும். வீட்டுப் பெரியவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது, 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் நடுப்பகுதி வரை இந்தியாவில் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே வைக்கப்பட்டிருந்தது. அதைக் கழிக்காமல் கணித்தால் லக்னம் மாறிவிட வாய்ப்பு உண்டு.

எந்த நேரத்தில் எந்த ராசி உதயமாகும் என்பது வானியல் கணக்கு. அதற்குச் சொல்லப்படும் பலன், நம்பிக்கை. அறிவியல் ஆய்வுகள் அதை உறுதிசெய்யவில்லை. என்றாலும், ஜாதகம் பார்த்துத்தான் வரன் முடிப்போம் என்பவர்கள், கணக்கையாவது சரிபார்த்துக்கொள்வது நல்லது. பிறப்புச் சான்றிதழில் பொதுவாக நேரம் இருக்காது. எனவே, மருத்துவமனை தரும் டிஸ்சார்ஜ் சீட்டைப் பத்திரமாக வையுங்கள்; போனில் ஒரு போட்டோவும் எடுத்துவையுங்கள்.